சட்டைப் பையின் சூடு

நான் டீ நன்றாகப் போடுவேன். விசாரணைக் குழுவினராகிய நீங்கள் மூவரும் முதல் நாள் வந்தபோது நான் போட்ட டீயைத்தான் குடித்தீர்கள். வழக்கறிஞர் அம்மா இன்னொரு கோப்பை கேட்டு வாங்கினார்கள். கெட்டவன் கையால் அப்படி ஒரு டீ வராது என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் எழுதித் தரச் சொல்கிறீர்கள், எழுதுகிறேன். என் மனைவியும் அதையே கேட்கிறாள். அவள் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை.

வழக்கறிஞர் அம்மாவுக்காக எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்த நிறுவனத்தில் நான் புரதம் சுத்தம் செய்கிறவன். ஆராய்ச்சி செய்கிறவள் என் மனைவி. குளிர்ந்த கடலில் வாழும் ஒரு சிப்பியின் உடலில் ஒரு நொதி இருக்கிறது. ஐஸ் போன்ற தண்ணீரிலும் எண்ணெயைச் சிதைத்துவிடும். அதை நாங்கள் பாக்டீரியாவுக்குள் விளையவைத்து எடுக்கிறோம். பாக்டீரியாவை உடைத்தால் ஆயிரம் புரதங்கள் சந்தைக்கடை மாதிரி கலந்து கிடக்கும். அதிலிருந்து இந்த ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, ஒரு சின்ன டியூபில் கொடுப்பது என் வேலை. கீழ்த்தளத்துக் குளிரறையில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். என் அளவுக்குச் சுத்தமாக எடுக்கிறவர் இந்தக் கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. இது தற்பெருமை இல்லை, இயக்குநரே சொன்னது.

புரதம் என்பது ஒரு நீளமான நூல்தான். அந்த நூல் ஒரு குறிப்பிட்ட விதத்தில் மடிந்து சுருண்டால்தான் வேலை செய்யும். மடிப்பு கலைந்தால் நூல் அப்படியே இருக்கும், வேலை மட்டும் நடக்காது. சூடு பட்டால் மடிப்பு கலையும். இந்தச் சிப்பி நொதிக்கு அதிகச் சூடுகூட வேண்டாம். மனித உடம்பின் சூட்டில் இருபது நிமிடம் இருந்தால் போதும், அதன் கதை முடிந்தது.

இப்போது ஒரு வேடிக்கை. நான் டியூபைக் கொடுப்பதற்கு முன்பு அதில் ஒரு துளியை ஜெல் என்கிற கூழ்த் தகட்டில் ஓட்டிப் பார்ப்போம். எடை சரியாக இருக்கிறதா, வேறு கசடு இருக்கிறதா என்று அது காட்டும். அந்தச் சோதனையே புரதத்தின் மடிப்பையெல்லாம் கலைத்துவிட்டுத்தான் எடை பார்க்கும். அதனால் உயிருள்ள நொதியும் செத்த நொதியும் ஜெல்லில் ஒரே இடத்தில், ஒரே அழகான நீலக் கோடாகத்தான் நிற்கும். நான்கு வருடமாக என் கோடுகளைப் பார்த்து எல்லோரும் சபாஷ் சொன்னார்கள். நியாயமான சபாஷ்தான்.

உயிர் இருக்கிறதா என்பது மாடியில், என் மனைவியின் மேசையில்தான் தெரியும். பால் மாதிரி வெளுத்த ஒரு எண்ணெய்க் கலவையில் ஒரு சொட்டு விடுவாள். நொதி உயிரோடு இருந்தால் ஐந்து நிமிடத்தில் தண்ணீராகத் தெளியும். இல்லாவிட்டால் பால் பாலாகவே இருக்கும்.

முதல் மூன்று வாரமும் தெளிந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இது நிலைத்தால் ஐந்தாம் வருட முடிவில் அவளுக்கு நிரந்தர வேலையும் தனி ஆய்வகமும் கிடைக்கும். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அந்த மூன்று வாரம் வீட்டில் நான் ஒருவன் இருப்பதே அவளுக்கு மறந்துபோனது. தட்டில் என்ன இருக்கிறது என்று பாராமலே சாப்பிட்டாள். நான் முடி வெட்டிக்கொண்டு வந்ததை எட்டு நாள் கழித்துக் கவனித்து, “ஏங்க இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?” என்று கேட்டாள். நான் சிரித்தேன். கோபமெல்லாம் இல்லை. எனக்குக் கோபம் வருவதே அபூர்வம்.

நான்காவது வாரம் நடந்தது தற்செயல். டியூபை ஐஸ் பெட்டியில் வைத்து மாடிக்குக் கொண்டுபோகும் வழியில்தான் டீ அறை இருக்கிறது. பெட்டியில் ஐஸ் உருகியிருந்ததால் டியூபைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புது ஐஸ் அள்ளப் போனேன். வழியில் பாத்திரம் கழுவும் அக்கா பேச்சுக் கொடுத்தார். டீ குடித்தோம். நினைவு வந்து டியூபை ஐஸில் போட்டபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது. சொல்லலாம் என்றுதான் மாடியேறினேன். அவள் அவசரமாக வாங்கிக்கொண்டாள், சொல்ல இடமில்லை.

அன்று பால் தெளியவில்லை. மாலையில் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். “என்னங்க, எங்க தப்புப் பண்ணேன்னே தெரியலங்க” என்றாள். கொஞ்சம் அழுதாள். நான் ஒரு ஜோக் சொன்னேன், சிரித்தாள். வீட்டில் இருவரும் சேர்ந்து சமைத்தோம். கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி இருந்தது. அந்த மாலையை நான் சும்மா விட்டுவிட முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த வாரம் அந்த அக்கா பேச்சுக் கொடுக்கவில்லை. நானாகவே உட்கார்ந்து டீயை நிதானமாகக் குடித்தேன்.

ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் எதையும் அழிக்கவில்லை. ஒரு அணு குறைந்ததில்லை, ஒரு அணு கூடியதில்லை. என்னிடம் வந்த புரதம் முழுவதும் அவளிடம் போய்ச் சேர்ந்தது. மடிப்பு மட்டும்தான் இல்லை. சலவைக்குப் போட்ட துணி மடிக்காமல் வந்தால் திருட்டு என்று யாரும் புகார் கொடுப்பதில்லை.

அவள் காரணம் தேடினாள். ஆராய்ச்சிக்காரி அல்லவா. டியூபைக் கடைசியாகத் தொடுவது தன் கை என்பதால் தன் கையில்தான் கோளாறு என்று முடிவுக்கு வந்தாள். “எனக்குக் கைராசியே இல்லைங்க. கை ரொம்பச் சூடு” என்பாள். இரண்டு கையுறை போட்டாள். பிறகு வேலைக்கு முன்பு இரண்டு கையையும் ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கிவைக்க ஆரம்பித்தாள். விரல் மூட்டுகளில் தோல் வெடித்தது. சாப்பாட்டுக்குப் பிறகு நான்தான் களிம்பு தடவிவிடுவேன், ஒவ்வொரு விரலாக. அந்தக் கால் மணி நேரம் எங்கள் இருவருக்கும் மிகவும் பிடித்த நேரம். எனக்குப் பிடித்த நேரம் என்று திருத்திக்கொள்கிறேன். வாக்குமூலத்தில் உண்மை இருக்க வேண்டும்.

வருடாந்தர அறிக்கையில் “நான் கையாண்டதில் ஏற்பட்ட பிழை” என்று ஒவ்வொரு வருடமும் அவளே எழுதினாள். அனுப்பும் முன் என்னிடம்தான் படிக்கக் கொடுப்பாள். நான் கால்புள்ளிகளைச் சரிசெய்து கொடுத்தேன்.

நான் இரக்கமில்லாதவன் இல்லை. அவளுடைய ஒரு பிறந்தநாள் வாரத்தில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பத்தே நிமிடம். பால் பாதி தெளிந்தது. அவள் துள்ளிக் குதித்தாள். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆய்வகத்திலேயே கிடந்தாள். கேக்கை நான் தனியாக வெட்டினேன். அந்தத் தவற்றை நான் மறுபடி செய்யவில்லை.

மூன்றாம் வருடம் வேறொரு ஊரிலிருந்து அவளுக்கு வேலைக்கு அழைப்பு வந்தது. பெரிய இடம். “இந்தக் கையை வெச்சுக்கிட்டு அங்க போய் அசிங்கப்படணுமா?” என்று சொல்லி அவளே மறுத்து எழுதினாள். நான் போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் இஷ்டம். அந்த வாரம் புதுச் சட்டை இரண்டு எடுத்தேன். பை வைத்ததாகப் பார்த்து எடுத்தேன்.

கட்டடம் முழுக்க எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. “உங்க ரெண்டு பேருக்கும் கண்ணு பட்டுடப் போகுது” என்று அந்த அக்கா சொல்லிக்கொண்டே இருப்பார். பட்டது கண் இல்லை, என் கடைவாய்ப் பல். வீங்கிப்போய், பிடுங்கி, நான்கு நாள் விடுப்பு. ஐந்தாம் வருடம் முடிய ஐந்து மாதம் இருந்தது. வாரத்தை வீணாக்க மனமில்லாமல் அவளே குளிரறைக்குள் போய்ப் புரதத்தைச் சுத்தம் செய்திருக்கிறாள். மதியம் போன் அடித்தது.

“என்னங்க! தெளிஞ்சிடுச்சுங்க! தண்ணி மாதிரி தெளிஞ்சிடுச்சு!”

வாயில் பஞ்சு இருந்ததால் “ம்ம்” என்றேன்.

மாலையில் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். “உங்க கடைவாய்ப் பல்லுதான் இத்தனை நாளா என் நொதியக் கடிச்சுத் தின்னுருக்கு” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். என்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அடுத்த வாரம் நான் வேலைக்குத் திரும்பினேன். பால் பாலாகவே இருந்தது. அவள் அழவில்லை. ஒரு தாளை எடுத்துப் பட்டியல் போட்டாள். தண்ணீர், உப்பு, டியூப், லேபிள், லிஃப்ட் என்று பன்னிரண்டு இனம். “ஒவ்வொண்ணா மாத்திப் பாத்தா எது வித்தியாசம்னு மாட்டிக்கும்” என்றாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எனக்கு விளக்கினாள். முழங்கையால் இடித்து “கேக்குறீங்களா?” என்றாள். நான் தலையாட்டினேன். அவள் தலைமுடியில் ஒரு பஞ்சு ஒட்டியிருந்தது, அதை எடுத்துவிட்டேன். அவள் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து இவ்வளவு நேரம் பேசியதே எனக்குப் போதும். பேசியது என்ன என்று கேட்கத்தான் விட்டுப்போனது.

லேபிளைப் பற்றி அவள் சொன்னாளாம். டியூபில் இனிமேல் புது லேபிள், அதில் ஒரு வெள்ளைப் புள்ளி, முப்பது டிகிரியைத் தாண்டினால் கறுத்துவிடும், பிறகு ஐஸில் வைத்தாலும் வெளுக்காது. அதைத் தெளிவாகவே சொன்னதாக உங்களிடமும் சொல்லியிருக்கிறாள். அவள் பொய் சொல்ல மாட்டாள்.

அடுத்த டியூபை ஐஸ் பெட்டியில் வைத்து, பளிச்சென்ற என் ஜெல் படத்தோடு அவள் மேசையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். லேபிளைப் பார்த்தாள். பெட்டிக்குள் கையை விட்டு ஐஸைத் தொட்டாள். பிறகு எழுந்து வந்து என் சட்டைப் பையில் உள்ளங்கையை வைத்தாள். அப்புறம் என் நெற்றியில் கை வைத்தாள்.

“ஜுரமா உங்களுக்கு?”

“இல்லையே.”

“ஆமா, இல்ல. சரியாத்தான் இருக்கு.” கையை எடுக்கவில்லை. “எத்தனை தடவைங்க?”

அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை. அவள் கேட்காததைச் சொன்னதில்லை, அவ்வளவுதான். “எல்லாத் தடவையும்” என்றேன்.

அவள் கத்தவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், யாரோ கடன் வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்த பொருளைப் பார்க்கிற மாதிரி. “என் கைல தப்பில்லன்னு எழுதிக் குடுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்” என்றாள். அன்றே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று வாய் நிறையக் கூப்பிடுகிற மச்சான் இப்போது போனில் “சொல்லுங்க சார்” என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆகவே எழுதிக் கொடுக்கிறேன். அவள் கையில் எந்தத் தவறும் இல்லை. சூடு என்னுடையது. முதல் முறை மறதி. பிறகு ஒவ்வொரு வாரமும், தெரிந்தே, வேண்டுமென்றே, நான்தான் அந்த நொதியைக் கொன்றேன். விடுமுறைகளைக் கழித்தால் நூற்று எழுபத்தாறு டியூப்கள். அறிக்கைகளில் அவள் எழுதிய பிழை எதுவும் அவளுடையதல்ல.

இதை ஏற்றுக்கொண்டால் அவளுக்கு இன்னும் ஒரு வருடமும் தனி அறையும் தருவதாகச் சொன்னீர்கள். மிகவும் சந்தோஷம். அவள் கெட்டிக்காரி, ஜெயித்துவிடுவாள். தனி அறை என்றால் புரதம் சுத்தம் செய்ய ஒரு ஆள் தேவைப்படும். யாரோ புது ஆளிடம் அவளை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. இத்துடன் என் விண்ணப்பத்தை இணைத்திருக்கிறேன். முன் அனுபவம் என்ற இடத்தில், ‘இதே நொதி, இதே ஆராய்ச்சியாளர், நான்கு வருடம், பல் பிடுங்கிய வாரம் தவிர ஒரு வாரம்கூட அவளைத் தனியாக விட்டதில்லை’ என்று எழுதியிருக்கிறேன்.