பதினோரு கம்பி

இல்லம்மா, உக்கார நேரமில்ல. முதல்ல ஐயாவ குழாய மூடச் சொல்லுங்க. குளிச்ச வரைக்கும் போதும். அந்தத் தண்ணி பூரா உங்க பின்சுவருக்கு அடியிலதான் எறங்குது.

ஆமா, பின்னாடி பள்ளம் தோண்டுறோமே, அந்த வேலைக்கு இன்ஜினியர். வயசா? இருபத்திமூணு. எங்க வீட்ல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு நான்தான். அதெல்லாம் அப்புறம் பேசலாம்மா, செருப்பப் போடுங்க.

சும்மா பயமுறுத்தலம்மா. காலையில பள்ளத்துச் சுவர்ல மயிரிழை மாதிரி ஒரு கீறல். இப்ப அதுக்குள்ள என் சுண்டுவிரல் போகுது. மழையும் விடமாட்டேங்குது.

பள்ளத்துச் சுவர்ல பூசின சிமென்ட்டத் தட்டிப் பாத்தா கெட்டியாத்தான் இருக்கும். ஆனா மண்ண நிறுத்துறது அந்தச் சிமென்ட்டு இல்ல, அது ஒரு சாண் கனம்கூடக் கிடையாது. ஓர் ஆள் ஆழம் வெட்டுவோம், பக்கவாட்டுல துளை போட்டு இரும்புக் கம்பிய உள்ள விட்டு, சுத்தி சிமென்ட் பால் ஊத்துவோம். அது இறுகினப்புறம்தான் அடுத்த ஆழம். ஒவ்வொரு கம்பியும் எட்டு மீட்டர். உங்க சமையல் ரூமத் தாண்டி, இந்த ஹாலுக்கு அடி வரைக்கும் வரணும். அந்த நீளம்தான் மண்ணப் பிடிச்சு வெக்கிறது.

புடவையெல்லாம் வேணாம்மா! ஐயாவோட மாத்திரைய மட்டும் எடுங்க.

கம்பெனி லெட்டரா? லெட்டர் ஒண்ணும் இல்ல. கீழ இருந்த ஆளுங்கள ஏத்தி விட்டுட்டு நேரா இங்க ஓடி வர்றேன். தீயணைப்புக்குச் சொல்லியாச்சு. இந்த போனா? மேனேஜர்தான். அடிக்கட்டும், விடுங்க.

பின்பக்கம் முன்னாடி கிணறு இருந்துச்சாம்மா? குப்பை கொட்டி மூடினீங்களா? நெனச்சேன். அங்க துளை போட்டா சிமென்ட் பால் மூட்டை மூட்டையா உள்ள போகுது, நெறையவே மாட்டேங்குது. மூணு நாள் வேலை நின்னுபோச்சு. மேல இருந்து ஒரே ஏச்சு. கடைசியில அந்த இடத்துல மட்டும் பதினோரு கம்பிய ரெண்டரை மீட்டர்ல அறுத்துச் சொருகிட்டாங்க. வெளியில தட்டு, நட்டு எல்லாம் மத்த கம்பி மாதிரியேதான் இருக்கும், பாத்தா ஒருத்தருக்கும் தெரியாது. இழுத்துப் பாக்குற சோதனைக்கு வேற கம்பியக் காட்டியாச்சு.

ஐயா, வாங்க. துண்டோடயே வாங்க, உயிரவிட மானம் பெரிசில்ல இப்ப. என் தோளப் பிடிச்சுக்கங்க. அம்மா, கதவு தொறந்தே கெடக்கட்டும், பூட்டெல்லாம் தேடாதீங்க.

எனக்கு எப்படித் தெரியும்னா? மெஷின வெச்சு அறுத்தது வேற ஆள். எந்த எடத்துல அறுக்கணும்னு சாக்பீஸால கோடு போட்டுக் குடுத்தது நான்தாம்மா. எட்டு மீட்டர்னு நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

படி ஈரமா இருக்கு. பாத்து, பாத்து.