பருத்தித் தலையா, பட்டுத் தலையா?

சண்முகவேல்: டம்ளருக்குள்ள என்ன தெரியுது?

சாரதாமணி: தண்ணி.

சண்முகவேல்: வேற?

சாரதாமணி: வேற ஒண்ணுமில்லீங்களே... அடியில என்னமோ கொழகொழன்னு...

சண்முகவேல்: அது உன்ற முடி, சாரதா.

சாரதாமணி: என்னதுங்க!

சண்முகவேல்: காலைல நீ தலை சீவுனப்ப சீப்புல வந்த சிக்கு. சுருட்டி உள்ள போட்டேன். குளிச்சு, பலகாரம் தின்னுட்டு வந்து பாத்தா ஆளையே காணோம்.

சாரதாமணி: ஐயோ சாமி... அது ராசப்பண்ணன் பட்டறையில வாங்கிட்டு வந்த ப்ளீச்சுங்க! அதைத்தான இப்பத் தலைக்குப் போடலாம்னு...

சண்முகவேல்: அதான் கேனைப் புடுங்கி வெச்சேன்.

சாரதாமணி: ப்ளீச்சுன்னு கேட்டேன். ப்ளீச்சுத்தான குடுத்தாரு?

சண்முகவேல்: அவரு வெளுக்கறது பருத்தி நூலு. வெண்ணந்தூர்ல போயி ப்ளீச்சுன்னு கேட்டா வேற எதைக் குடுப்பாங்க? நூலுக்குன்னு நெனச்சிருப்பாரு. உன்ற தலை என்ன பருத்தியா?

சாரதாமணி: பின்ன என்னவாம்?

சண்முகவேல்: பட்டு. பருத்தி செடியில காய்ச்சது, எத்தனை காய்ச்சி அடிச்சாலும் தாங்கும். பட்டு உசுருல இருந்து வந்தது. முடியும் அப்படித்தான். இந்தத் தண்ணியில பட்டைப் போட்டா வேட்டி வராது, பாயசந்தான் வரும்.

சாரதாமணி: இருபது வருசமா வெண்பட்டு வெளுக்கறவரு ஊட்டுல இருந்துக்கிட்டு, நான் போயி...

சண்முகவேல்: என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?

சாரதாமணி: கேட்டாச் சிரிப்பீங்கன்னுதான்...

சண்முகவேல்: இப்பச் சிரிக்கலாமா?

சாரதாமணி: சிரிங்க, நல்லாச் சிரிங்க. மேல நாலு விரக்கடை வெள்ளை, கீழ பூராவும் பழைய கருப்புச் சாயம். இந்தத் தலையோடதான் நாளைக்குச் சேந்தமங்கலம் போகோணும். அத்தை என்ன சொன்னாங்க தெரியுமா? "வேட்டிக்குத்தான் கரை இருக்கும், உனக்குத் தலைக்கே கரை"ங்கறாங்க.

சண்முகவேல்: அம்மா வாயி இருக்குதே...

சாரதாமணி: கருப்புச் சாயம் பட்டா மூஞ்சி வீங்குது, டாக்டரு தொடவே கூடாதுன்னுட்டாருன்னு சொன்ன பொறகுதான் சாயம் அடி, சாயம் அடிங்கறதை நிறுத்துனாங்க. ஆனா நேத்து... "புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப அரைகுறை நரையோட சபையில போயி நிக்காத. முக்காடு போட்டுட்டுப் போ, இல்லாட்டிப் போகாத"ன்னுட்டாங்க.

சண்முகவேல்: ம்...

சாரதாமணி: எங்கக்கா மக தனப்பிரியாவுக்கு வளைகாப்புங்க. சித்தி கையிலதான் மொத வளையல் போட்டுக்குவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. எட்டு மாசமா ஒரு விசேசத்துக்கும் போகல. இதுக்கும் போகாம இருந்தா நான் மனுசியே இல்ல.

சண்முகவேல்: முக்காடெல்லாம் வேண்டாம். வா, இப்படி வெளிச்சத்துல உக்காரு.

சாரதாமணி: நெசமாவா? நீங்களா?... முடி போயிருச்சுன்னா?

சண்முகவேல்: போயிருச்சுன்னா?

சாரதாமணி: மொட்டைதான். இந்த நீளம் வளக்க இன்னொரு ஆயுசு வேணும்.

சண்முகவேல்: போச்சுன்னா நானும் கூடவே உக்காந்து மொட்டை அடிச்சுக்கறேன். போதுமா?

சாரதாமணி: உங்க மொட்டைய வெச்சு நான் என்ன பண்ண... அதென்னங்க பை?

சண்முகவேல்: தலைக்குன்னே வார ப்ளீச். சேலத்துல வாங்குனேன்.

சாரதாமணி: எப்ப?

சண்முகவேல்: போன வாரம்.

சாரதாமணி: போன வாரமா! அப்ப... முந்தாநேத்து காதுக்குப் பின்னால ஒரு சொட்டு வெச்சீங்களே? பட்டறைக்கு வந்த புது மருந்து, அரிக்குதா சொல்லுன்னு...

சண்முகவேல்: அரிச்சுதா?

சாரதாமணி: இல்ல.

சண்முகவேல்: அதான் இன்னிக்கு உக்கார வெச்சிருக்கேன்.

சாரதாமணி: அடப்பாவி மனுசா... ஒரு வாரமா போர்த் தண்ணில தலைக்கு ஊத்தாத, காவேரித் தண்ணி மட்டும் ஊத்துன்னு சொன்னதும்...

சண்முகவேல்: நம்ம போர்ல இரும்பு ஏறிக் கெடக்குது. பட்டுல இரும்பு பட்டு, மேல இந்த மருந்தும் பட்டா, பட்ட எடம் பொத்தலாயிரும். அதான் பட்டறையில ஆணி கூட இல்லாத தொட்டி வெச்சிருக்கோம்.

சாரதாமணி: ராத்திரி கை வலிக்குதுன்னு சொல்லிச் சொல்லி என்ற தலைக்குத் தேங்காயெண்ணெ தேச்சு உட்டீங்களே...

சண்முகவேல்: எண்ணெ உள்ள எறங்கி இருந்தா இழை சீக்கிரம் செத்துப்போகாது. தலையத் திருப்பாத.

சாரதாமணி: நான் பாசம்னு நெனச்சேன்!

சண்முகவேல்: அதுவுந்தான். ஆடாத, நெத்தியோரம் வாசலின் தடவறேன்... அந்தப் பிளாஸ்டிக் கிண்ணத்தை எடு. எவர்சில்வர் வேண்டாம்.

சாரதாமணி: மூக்கு எரியுதுங்க.

சண்முகவேல்: அதுக்குத்தான் ரூமுக்குள்ள வேண்டாம்னு வெளிய உக்கார வெச்சேன். நெழல்லயே இரு, வெயில் படக் கூடாது. சூடு ஏறுனா மருந்து நம்ம பேச்சைக் கேக்காது.

சாரதாமணி: வேருல இருந்து பூசலீங்களா?

சண்முகவேல்: அங்க ஏற்கெனவே வெள்ளை. வெள்ளையை எதுக்கு வெளுக்கோணும்? கருப்புல மட்டும் கத்தை கத்தையா, மெல்லிசா. நடுநடுவுல கருப்பும் இருக்கோணும். அப்பத்தான் கரை மறையும். தோல்ல ஒரு பொட்டுப் படாது.

சாரதாமணி: மொத்தமாப் பூசுனா ஒரே வேலையா முடிஞ்சிருமே.

சண்முகவேல்: முடிஞ்சிரும். முடியும் முடிஞ்சிரும்.

சாரதாமணி: ...எத்தனை நிமிசம் ஆச்சு?

சண்முகவேல்: ரெண்டு.

சாரதாமணி: இப்ப?

சண்முகவேல்: மூணு. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா நானே தொடச்சுப் பாப்பேன். நீ வாயை மூடிட்டு இரு.

சாரதாமணி: பட்டறைல நூலுகிட்டயும் இப்படித்தான் மெரட்டுவீங்களா?

சண்முகவேல்: நூலு எதுத்துப் பேசாது.

சாரதாமணி: ...அத்தை எத்தனை மணிக்கு வருவாங்க?

சண்முகவேல்: ராசிபுரம் போயிருக்குது, சீர்த்தட்டுக்குச் சாமான் வாங்க. சாயந்தரமாகும்.

சாரதாமணி: கடவுளே, பஸ்ஸெல்லாம் லேட்டா வரோணும்...

சண்முகவேல்: இருபத்தஞ்சு நிமிசம் ஆயிப்போச்சு. இந்தா, தொடச்ச கத்தை. பாத்துக்க.

சாரதாமணி: ஆரஞ்சு! ஏனுங்க, ஆரஞ்சுக் கலருங்க! இன்னொரு கோட்டிங் போடுங்க, வெள்ளையாகட்டும்.

சண்முகவேல்: மாட்டேன்.

சாரதாமணி: ஒரு பத்து நிமிசம்!

சண்முகவேல்: ஒரு நிமிசம் கூட எச்சா உட மாட்டேன். வெளுப்புக்கு ஆசைப்பட்டு நூலைச் சாவடிச்சவங்க பட்டறைக்குப் பட்டறை இருக்காங்க. வெள்ளையா இருக்கும், வெரல் பட்டா மாவு. எந்திரி, கழுவலாம்.

சாரதாமணி: இதுக்குக் கரையே தேவலாம். கரையாவது கவுரதையா இருந்துச்சு. இது தேங்காய் நாருங்க!

சண்முகவேல்: அழுவாத. ஒரு முடிய நனைச்சபடியே புடி. ரெண்டு பக்கமும் இழு.

சாரதாமணி: அறுந்துருமுங்க...

சண்முகவேல்: இழுங்கறேன்.

சாரதாமணி: ...நீளுது.

சண்முகவேல்: உடு.

சாரதாமணி: திரும்பி வந்துருச்சு! பழையபடி வந்துருச்சுங்க!

சண்முகவேல்: உசுரு இருக்குது. நீண்டுக்கிட்டே போயிருந்தாத்தான் நான் அழுதிருப்பேன். இனிக் கலரு சமாளிக்கற விசயம். வேட்டி பழுப்படிச்சா என்ன பண்ணுவோம்?

சாரதாமணி: நீலம் போடுவோம்... என்ற தலைக்கு நீலமா?

சண்முகவேல்: வேட்டி நீலம் இல்ல புள்ள. தலைக்குன்னே நீலமா ஒரு கிரீமு இருக்குது, அதையும் உன்ற காதுக்குப் பின்னால வெச்சுப் பாத்தாச்சு. ஆரஞ்சை நீலந்தான் அடக்கும். கண்ணை மூடு.

சாரதாமணி: கண்ணு மூடித்தான் இருக்குது. தெறக்கப் பயமா இருக்குது.

சண்முகவேல்: பத்து நிமிசம் இரு... ம், தலையக் குனி. காவேரித் தண்ணி... இன்னொரு சொம்பு. கடைசிச் சொம்புல வினிகர் ரெண்டு மூடி கலந்திருக்கேன். பட்டுக்கும் கடைசில புளிப்புத் தண்ணி காட்டுவோம், மினுமினுப்பு அப்பத்தான் ஏறும்.

சாரதாமணி: ஊறுகாயே போட்டுருங்க.

சண்முகவேல்: துண்டு வெச்சுத் தேய்க்காத, ஒத்தி எடு. இந்தா கண்ணாடி.

சாரதாமணி: ஏனுங்க, கரை எங்கீங்க?

சண்முகவேல்: நீயே தேடு.

சாரதாமணி: காணோமுங்க! மேல வெள்ளை, கீழ வர வரத் தவுட்டுக் கலரு, நடுவுல கருப்பு... எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னே தெரியல! சீப்பைக் குடுங்க... ஏனுங்க, சீப்புல பாருங்க, ரெண்டே ரெண்டு முடி! தினமும் வாரதே அதைவிட எச்சு!

சண்முகவேல்: மெதுவாச் சொல்லு, தெருவே ஓடி வரும்.

சாரதாமணி: வரட்டும்! எட்டு மாசமா தெருப்பக்கம் தலை காட்டாம இருந்தேன். வந்து பாக்கட்டும்!

ஆத்தாயி: யாரு வந்து பாக்கோணும்?

சண்முகவேல்: அம்மா! அதுக்குள்ள வந்துட்ட?

ஆத்தாயி: பஸ்ஸு ஏறுன உடனே எடுத்துட்டான். ஏண்டா சண்முகா, நடுவாசல்ல யாருடா அது, தலைய விரிச்சுப் போட்டுட்டு... அட, இவளா!

சாரதாமணி: அத்தை...

ஆத்தாயி: திரும்பு.

சாரதாமணி: அத்தை, நாளைக்கு நான் முக்காடு போட மாட்டேனுங்க. இப்படியேதான் போவேன்.

ஆத்தாயி: திரும்புன்னேன்... இந்தப் பக்கம்... வேர்ல வெள்ளை இருக்குதே?

சாரதாமணி: இருக்குதுங்க. இனி எப்பவும் இருக்கும்.

ஆத்தாயி: ம்... டேய், வேட்டி வெளுக்கற கையா இது?

சண்முகவேல்: அதே கைதாம்மா.

ஆத்தாயி: ம்ம்... ஏனம்மிணி, நாளைக்கு மல்லிப்பூ வெக்காத.

சாரதாமணி: ஏனுங்கத்தை?

ஆத்தாயி: வெள்ளை முடியில மல்லி எடுபடாது. நாலு மொழம் கனகாம்பரம் சொல்லிட்டு வாரேன். கடைக்காரன் மத்தியானச் சோத்துக்கு மூடிறப் போறான். ஒறம்பரை சனம் பூரா உன்ற தலையைத்தான் பாக்கப் போகுது, பூ கொறஞ்சா என்னையத்தான் பேசும்.

சாரதாமணி: ...போயிட்டாங்களா?

சண்முகவேல்: போயாச்சு. பூக்கடைக்கு இத்தனை வேகமா அம்மா போயி நான் பாத்ததில்ல.

சாரதாமணி: ஜெயிச்சுட்டோமுங்க!

சண்முகவேல்: ஜெயிச்சாச்சு. இப்பவாவது வந்து சோறு போடு.

சாரதாமணி: ஏனுங்க... ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கக் கூடாது.

சண்முகவேல்: சொல்லு.

சாரதாமணி: என்ற மூஞ்சி ஒரு நாளும் வீங்கலீங்க. எந்த டாக்டரையும் நான் பாக்கல. பதினாறு வருசமா, பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா, கண்ணாடி முன்னால நின்னு நின்னு... சலிச்சுப்போச்சுங்க. என்ற தலை என்ற தலையா இருக்கட்டும்னு தோணுச்சு. அதைச் சொன்னா இந்த ஊட்டுல யாரு கேப்பாங்க? டாக்டரு சொன்னாத்தான் கேப்பீங்கன்னு... உங்ககிட்டயும் பொய் சொல்லிட்டேன்.

சண்முகவேல்: சாயம் பட்டு வீங்குன மூஞ்சி பட்டறையில எத்தனை பாத்திருக்கேன். எனக்கு அன்னிக்கே தெரியும் சாரதா. மறாநாளு அம்மா வந்து, எந்த டாக்டருடான்னு கேட்டுது... "சேலத்துப் பெரிய டாக்டரு, நானே வண்டில கூட்டிட்டுப் போனேன், நீ ஊர்ல இல்லாதப்ப மூஞ்சி பூசணிக்காயாட்டம் வீங்கியிருந்துச்சு"ன்னு நாந்தான் சத்தியம் பண்ணிப்போட்டேன்.