முன்பல் இடைவெளி

குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்கும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஓர் எஸ்டேட் பெண் தன் ஏழு வயது மகளின் வாயில் துண்டை அழுத்திப் பிடித்திருந்தாள். துண்டு சிவந்திருந்தது. பக்கத்தில் அந்தப் பெண்ணின் அண்ணன். அதே வயதில் எனக்கும் மகள் இருந்ததால் காதை மூடிக்கொள்ள முடியவில்லை.

“சவரக்கத்தியாலயா அறுத்தீக?”

“மேலுதட்டுக்கு உள்ள ஈறோட ஒட்டியிருக்குற சதை ரெண்டு பல்லுக்கும் நடுவுல இறங்குனதாலதான் முன்பல்லு விலகி நிக்குதாம்ணே. எஸ்டேட்டு லயத்து வீடுகளுக்கு முடிவெட்டுறவரு அறுத்துவிட்டாரு. ரத்தம் நிக்கல.”

“புதுப்பல்லு முழுசா மொளைக்கட்டும், பெறகு வெட்டணுமான்னு பாப்போம்னு டாக்டர் சொன்னாருல்ல?”

“சந்துப்பல்லுக்காரிய என் மகனுக்குக் கட்டமாட்டேன்னு நீதானண்ணே சொன்ன?”

“கேலிக்குல்ல சொன்னேன், தாயி.”

சிறுமி துண்டை மெல்ல விலக்கினாள்.

“மாமா, பல்லு சேந்துருச்சா?”