புது வாஷர்

ஆயில் சீக்கிரம் கறுத்துவிட்டால் அது மட்டமான ஆயில் என்று முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள், மேடம். முதுநகரில் கடை போட்ட நாளிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. விஷயம் நேர் எதிர். எஞ்சினுக்குள் வருஷக்கணக்காக ஒட்டிக் கிடக்கிற கசடைக் கரைத்துத் தன்மேல் ஏற்றிக்கொள்வதுதான் நல்ல ஆயிலின் வேலை. மட்டமான ஆயில் மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி, எதையும் தொடாமல் உள்ளே சுற்றிவிட்டு வந்துவிடும். பழைய வண்டியில் முதல் தடவை நல்ல ஆயில் ஊற்றினவர்கள் கொஞ்ச நாளிலேயே பதறிக்கொண்டு வருவார்கள். பயப்படாதீங்க, அழுக்கு வெளிய வருது, அடுத்த தடவ பாருங்க, தேன் மாதிரி இருக்கும் என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவேன்.

உங்கள் ஸ்டேஷன் ஜீப் எஞ்சினில்கூட டக்டக்கென்று டேப்பெட் சத்தம் வருகிறது. ஆயில் மாற்றி ரொம்ப நாளாகியிருக்கும். யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் பெயர் கொளஞ்சியப்பன். டூவீலர் ஒர்க்ஷாப், கூடவே ஆயில் வியாபாரம். இறந்துபோன சத்யப்பிரியா என் மனைவி. நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மறுபடி முதலிலிருந்து வரிசையாகவே சொல்கிறேன். இன்ஸ்பெக்டர் கனிமொழி மேடம் நிதானமானவர் என்று வெளியில் சொன்னார்கள். எனக்கும் நிதானம்தான் பிடிக்கும்.

அவள் ஓட்டியது கியர் இல்லாத பழைய ஸ்கூட்டர். செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலை, தினமும் அதில்தான் போய் வருவாள். மீட்டர் கேபிள் அறுந்து ரொம்ப நாளாயிற்று. மெக்கானிக் வீட்டு வண்டி எந்த ஊரில் ஒழுங்காக இருக்கிறது? அடுத்த வாரம் மாட்டலாம், அடுத்த வாரம் மாட்டலாம் என்று தள்ளிப்போய்விட்டது. ஆயிலும் அப்படித்தான். கடையில் பேரலில் வருகிற சில்லறை ஆயிலைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஊருக்கெல்லாம் நல்ல ஆயிலு, நம்ம ஊட்டு வண்டிக்கு மட்டும் பேரல் ஆயிலா மாமா?" என்று கேலி செய்வாள்.

போன கல்யாண நாளுக்குக் கடையில் இருப்பதிலேயே உயர்ந்த ஆயிலை எடுத்து வந்து, அவள் கண்ணெதிரே டப்பாவை உடைத்து ஊற்றினேன். பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்திருந்தால்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும், மேடம். அதை மாற்றிச் சொல்ல எனக்கு அவசியம் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் துடைக்கும்போது ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவிப் பார்த்தேன். ஆயில் கரியாக இருந்தது.

வீட்டிலிருந்து கம்பெனி, கம்பெனியிலிருந்து வீடு, நடுவில் மார்க்கெட். இதற்குள் ஓடுகிற வண்டியின் ஆயில் இவ்வளவு சீக்கிரம் கறுக்கலாமா? மீட்டர் ஓடாத வண்டியில் ஆயில்தான் மீட்டர். வண்டி வேறு எங்கேயோ போய் வருகிறது என்று எனக்குப் பட்டது. பட்டதை அவளிடம் சொல்லவில்லை. ஆயிலை மாற்றிவிட்டு அதே உயர்ந்த ரகத்தை மறுபடி ஊற்றினேன்.

சும்மா சந்தேகப்படுகிற ஆள் இல்லை நான். எங்கள் வீட்டில் ஏற்கனவே அனுபவம் உண்டு. என் தங்கை இசைவாணி சிதம்பரத்தில் காலேஜ் படித்தாள். தினமும் பஸ் லேட் என்பாள். நானும் நம்பினேன். பஸ் லேட், பஸ் லேட் என்றே படிப்பை முடித்தவள், ஒருநாள் செம்பியன் என்கிற பையனைக் கட்டிக்கொண்டு சிதம்பரத்திலேயே தங்கிவிட்டாள். அவன் எங்கள் ஆள் இல்லை. அன்றைக்கே அவளைத் தலைமுழுகிவிட்டேன். அவள் பேரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சத்யப்பிரியாவிடம் கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டேன். சரி என்றாள். சரி என்று சொல்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஒன்றைக் கவனிக்க ஆரம்பித்தால் மற்றதெல்லாம் தானாகக் கண்ணில் படும். சாயந்திரம் துணி எடுக்க மாடிக்குப் போனால் போனோடுதான் போவாள். மெதுவாகப் பேசுவாள், சிரிப்பாள். நான் படியேறும் சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடும். யாரு என்று கேட்டால், கூட வேலை பாக்கற பொண்ணு என்பாள். நான் மேற்கொண்டு கேட்க மாட்டேன். கேட்டால் உஷாராகிவிடுவாள்.

ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏன் மாமா, நம்ம வண்டி சிதம்பரம் வரைக்கும் தாங்குமா?"

"தாங்கும். எதுக்கு?"

"சும்மாதான் கேட்டன். இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டா?"

சிதம்பரம். ஏற்கனவே ஒரு தடவை நான் ஏமாந்த ஊர். ஆனாலும் முழுக்கச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

நான் பெண்டாட்டியைக் கை நீட்டி அடிக்கிறவன் இல்லை. தெருவில் கேட்டுப் பாருங்கள். போனைப் பிடுங்கிப் பார்ப்பது, ஆள் வைத்துப் பின்தொடர்வது, அதெல்லாம் கேவலம். அவளுக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம். யாருக்கும் தெரியாமல், ஒரு வார்த்தை தடிக்காமல் உண்மை தெரிய வேண்டும். அதற்கு என் தொழிலிலேயே வழி இருந்தது.

ஆயிலை இறக்கிவிட்டாலும் வண்டி உடனே நிற்காது. அடியில் கொஞ்சம் தங்கும். அதை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிற செம்மங்குப்பம் போய்த் திரும்பலாம். அவள் மெதுவாக ஓட்டுகிறவள், எஞ்சின் தாங்கிவிடும். சாயந்திரம் வந்ததும் நானே ஆயிலை ஊற்றிவிடுவேன், அவளுக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் மெயின்ரோட்டில் சிதம்பரம் நோக்கி முறுக்கினால் பாதி வழியில் எஞ்சின் சூடேறிப் பிடித்து நின்றுவிடும். ஒழுங்காக வேலைக்குப் போய் வந்தால் ஒன்றும் ஆகாது, போகக்கூடாத இடத்துக்குப் போனால் வண்டி காட்டிக் கொடுக்கும். இதைவிட நியாயமான ஏற்பாடு உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். தோன்றவில்லை.

கியர் இல்லாத வண்டியில் எஞ்சின் பிடித்தாலும் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாது. வேகம் குறைந்து தானாக நிற்கும். தூக்கி அடிக்காது. இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

அன்று காலை அவள் டிபன்பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் சாக்கைப் போட்டுப் படுத்து, அடி போல்ட்டைக் கழற்றினேன். ஆயில் இறங்கியதும், ஒழுகாமல் இருக்கப் புது வாஷர் போட்டு இறுக்கினேன். அவள் பையோடு வந்து நின்றாள்.

"காலங்காத்தாலயே வண்டிக்குக் கீழ படுத்துக் கெடக்கறீங்களே மாமா."

"ஆயில் பாத்தன்."

"நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

என் நெற்றியில் அழுக்கு இருந்திருக்கிறது. துப்பட்டா முனையால் துடைத்துவிட்டு, வரேன் மாமா என்று கிளம்பிப் போனாள்.

மத்தியானத்துக்கு முன்னால் போன் வந்தது. அவள் பேர் தெரிந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அப்புறம் இன்னொரு தடவை. ஒரு கஸ்டமருக்குச் செயின் ஸ்பிராக்கெட் மாற்றிக்கொண்டிருந்தேன். கை எண்ணெயாக இருந்தது என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன், நினைவிருக்கிறதா? கை எண்ணெயாகத்தான் இருந்தது. ஆனால் அதற்காக எடுக்காமல் இல்லை. ஏதோ ஒரு பொய் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் எஞ்சின் பிடித்திருக்கிறது. பாலத்தில் ஓரம் கட்ட இடம் இல்லை. வண்டியை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றிருந்தால் பிழைத்திருப்பாள். விடவில்லை, தள்ளிக்கொண்டே போயிருக்கிறாள். பின்னால் வந்த லாரி டிரைவர் கவனிக்கவில்லை. லாரி வருவதற்கு நான் பொறுப்பில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போது சரியாகத்தான் இருக்கிறது.

மறுநாள் செம்பியன் வந்தான். என் தங்கையைக் கட்டிக்கொண்டதற்கு அப்புறம் அவனை நான் பார்த்ததே இல்லை. சாவு வீட்டில் பந்தலுக்கு வெளியிலேயே நின்றான். நான் உள்ளே வரச் சொல்லவில்லை. அங்கேயே நின்று அழுதுகொண்டே சொன்னான்.

"எனக்குத் திருப்பூர்ல வேலைங்க. இசைவாணிக்குத் திடீர்னு பிரசவ வலி வந்துடுச்சு, பக்கத்துல யாரும் இல்ல. அண்ணிக்குத்தான் போன் போட்டா. அவுங்க பர்மிஷன் போட்டுட்டு உடனே கெளம்பிட்டாங்க. ஒங்க அண்ணன்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வரேன், கொழந்தையப் பாத்தா அவரு மனசு மாறிடும்னு இவகிட்ட சொன்னாங்களாம்."

மாடியில் பேசியதும் சிரித்ததும் என் தங்கையோடுதான். பெண் குழந்தையாம். நல்லபடியாகப் பிறந்திருக்கிறதாம்.

நான் மாட்டிக்கொண்டது எதனால் என்று எனக்குத் தெரியும். விபத்து வண்டியைப் பார்த்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர், எஞ்சினில் ஆயிலே இல்லை, ஆனால் ஒழுகின தடமும் இல்லை, போல்ட் இறுக்கமாக இருக்கிறது, அதில் வாஷர் பளபளவென்று புதுசாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தாரே, அதனால்தான். பழைய வாஷரையே போட்டிருந்தால் போல்ட் தளர்ந்து ஒழுகிவிட்டது என்று விட்டிருப்பீர்கள். என்னால் முடியாது, மேடம். போல்ட்டைக் கழற்றினால் புது வாஷர் போடாமல் என் கை அதை மாட்டாது. இத்தனை வருஷத்தில் ஒரு வண்டிக்குக்கூட நான் பழைய வாஷர் போட்டதில்லை. அரைகுறை வேலை எனக்கு ஆகாது.

சற்று முன் கேட்டீர்களே, "அந்தப் போன எடுத்திருந்தா என்னா சொல்லியிருப்பீங்க?" என்று. எடுத்திருந்தால் சிதம்பரம் போறேன் என்று சொல்லியிருப்பாள். வண்டியை எடுக்காதே, பஸ்ஸில் போ என்று நான் சொல்லியிருப்பேன். ஆனால் சொல்லிவிட்டுப் போகிறவளை வைத்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? அப்புறம் அந்த ஏற்பாட்டுக்கே அர்த்தம் இல்லையே.

"மொத தடவ நல்ல ஆயில் ஊத்துனா கறுக்கும்னு நீங்கதான சொன்னீங்க? அப்பறம் ஏன் அந்தம்மாவச் சந்தேகப்பட்டீங்க?" என்றும் கேட்டீர்கள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் இந்த டீயை ஆற விட்டுவிட்டேன். கடைக்கு வருகிற வண்டியைப் பார்க்கும்போது புத்தி வேலை செய்கிறது. வீட்டு வண்டியைப் பார்க்கும்போது வேறு ஏதோ வேலை செய்கிறது. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

இன்னும் ஒன்று பாக்கி. நீங்கள் கேட்கவில்லை, கேட்கத் தோன்றியிருக்காது. அன்று காலை போல்ட்டைக் கழற்றியபோது இறங்கிய ஆயில், அதாவது இரண்டாவது தடவை ஊற்றியது, கறுக்கவில்லை. தேன் நிறம். விரலில் தொட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கசடெல்லாம் முதல் தடவையே கழுவிப் போய்விட்டது, அவள் எங்கேயும் போய் வரவில்லை என்று சாக்கில் படுத்திருந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் நல்லாருக்கா என்று கேட்டதற்கு நல்லாருக்கு என்றேனே, அது பொய் இல்லை. திரும்ப ஊற்றியிருக்கலாம், கேன் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் வாஷர் போட்டு இறுக்கியாயிற்று. கையில் எடுத்த வேலையைப் பாதியில் மாற்றிக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அந்த ஆயில் கடையில் மேல் தட்டில் இருக்கிறது. வடிகட்டி, மூடி போட்டு வைத்திருக்கிறேன். கேஸுக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் கீழே கொட்டிவிட வேண்டாம், மேடம். சுத்தமான ஆயில், இன்னும் ரொம்ப தூரம் ஓடும்.