லயத்துக்கு ஒரே முகவரி

அட்டவணை போடுவதில் நான் கொஞ்சம் கறார்க்காரி, இன்ஸ்பெக்டர். ஈஜோக்கிலிருந்து கோல சிலாங்கூருக்கு டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றிச் செல்லும் இலவச வேனுக்குப் பதிவு முறை வேண்டும் என்று கமிட்டித் தலைவர் பிரையன் கேட்டார். ஒரே மத்தியானத்தில் கணினியில் எஸ்.க்யூ.எல். மொழியில் டேபிள் உருவாக்கிக் கொடுத்தேன். பெயர், முகவரி, நோயின் நிலை. முகவரிக்கு மட்டும் ‘யூனிக்’ என்று ஒரு சொல் சேர்த்தேன். ஒரே முகவரி இரண்டாம் முறை வந்தால் கணினி ஏற்காது.

“ஒரே வீட்டுக்கு வேன் ரெண்டு தடவ போகாதுல்ல, அங்கிள்,” என்றேன்.

“கெட்டிக்காரி லா நீ, அலீசியா,” என்றார்.

வேனில் ஓர் இடம்தான் மீதி. எங்கள் பழைய எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் நோயாளிகள் இருவர். என் அப்பா ஹியூபர்ட், பக்கத்து வாசல் நல்லசாமி மாமா. இருவர் பெயரும் ஏறினால் நோய் முற்றியவருக்குத்தான் இடம். அது மாமா. சும்மா சொல்லக்கூடாது, தங்கமான மனிதர். ஆனால் அப்பா என் அப்பா இல்லையா? அவர் பெயரை முதலில் ஏற்றினேன்.

லயத்தில் வாசல்கள் பல, முகவரி ஒன்றுதான். எல்லாருடைய கடிதமும் ஒரே பெட்டியில் விழும். அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா என்ன?

மாமாவின் மனைவி புனிதவதி அத்தை பதியப் போனார். பிரையன் திரையைப் பார்த்து, “இந்த முகவரி ஏற்கெனவே பதிவாயிருக்கும்மா,” என்று அனுப்பிவிட்டார். பாவம், மாமாவுக்கு இடம் கிடைத்துவிட்டதென்றே அத்தை நினைத்துக்கொண்டார். சட்டை மாட்டிவிட்டு, சாலை முனையில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தார். வேன் அப்பாவை ஏற்றிக்கொண்டு போயிற்று.

“டிரைவர் எடமில்லன்னுட்டாரு, பாப்பா. மாமாவுக்குக் காலெல்லாம் வீங்கிப்போச்சு. டெக்சிக் காசுக்கு நாங்க எங்க போறது? கொஞ்சம் பாரேன்மா.”

“சிஸ்டம் அப்படித்தான் அத்தை. அடுத்த தடவ ஏத்திக்குவாங்க, ரெடியா இருங்க.”

இருந்தார்கள். அடுத்த தடவையும், அதற்கடுத்த தடவையும். எனக்கும் மனசு கேட்கவில்லை. நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. மழை பிடித்த ஒரு நாள் குடைகூடக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாமா மூச்சுத் திணறித்தான் போனார்.

அந்த ‘யூனிக்’ என்ற சொல்லை எடுத்திருக்க முடியாதா என்று கேட்கிறீர்கள். முடியும், ஒரே வரிதான். மாமாவைத் தகனம் செய்த மறுநாளே எடுத்துவிட்டேன். தவறு என்று தெரிந்த பிறகு அதை விட்டுவைக்கிற ஆள் இல்லை நான்.