'புகழியல்' அட்டையில் இருந்த என் பெயர்

தலைமையேற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, துணைவியார் ஏஞ்சலின் அம்மையாரை இழந்து இந்த மேடையில் அமர்ந்திருக்கும் மோசஸ் ஐயா அவர்களே, சக பேராசிரியர்களே, கும்மிடிப்பூண்டியிலிருந்து ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, மாணவர்களே, வணக்கம்.

முனைவர் ஏஞ்சலின் அம்மையாரைப் பற்றி முதலில் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவையடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் 'புகழியல்' ஆய்விதழைத் தொடங்கினார். பிரபலமாவது என்பது என்ன, அது ஒரு மனிதரை என்ன செய்கிறது என்று ஆராய மட்டுமே ஓர் இதழ். பலர் சிரித்தார்கள். சினிமாக்காரர்களைப் பற்றி எழுத ஓர் ஆய்விதழா என்று நானே கேட்டேன். அவர் சொன்னார்: "புகழ் வரும்போது எல்லாரும் பார்க்கறாங்க சார். அது போன மறுநாள் அந்த ஆள் எப்படி வேலைக்குப் போறாரு? அதை யாரு பார்த்தாங்க?"

யார் பார்த்தார்கள்? அவர் பார்த்தார். இரும்பு ஆலை ஒப்பந்தத் தொழிலாளியின் மகள் அவர். வகுப்பு முடிந்ததும் பொன்னேரியில் ரயிலேறுவார். விபத்தில் மூன்று பேரைக் காப்பாற்றி ஒரு வாரம் செய்தியில் இருந்த கிரேன் ஓட்டுநர், மாநிலத்திலேயே முதல் மதிப்பெண் வாங்கி இன்று பேக்கிங் பிரிவில் நிற்கும் பெண், இவர்கள் வீடுகளில் தரையில் உட்கார்ந்து கேட்பார். முதல் இரண்டு சந்திப்புகளில் நோட்டைத் திறக்கவே மாட்டார். எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டுவார். வேண்டாம் என்று அவர்கள் சொன்ன வரியை, அது எவ்வளவு நல்ல வரியானாலும், அடித்துவிடுவார்.

அப்படி அவர் ஏழு மாதம் போய்ப் பேசிய ஓர் அம்மா உண்டு. வேலைக்குப் போகும் ரயிலில் அந்த அம்மா பாடியதை யாரோ செல்போனில் பிடித்துப் போட்டார்கள். பாராட்டிய ஊரே இரண்டு மாதத்தில் கேலி செய்தது. வேலை போயிற்று. ஊர் மாறி, யாருக்கும் தெரியாமல் வாழ்ந்தார். பெயரையும் ஊரையும் மாற்றித்தான் அம்மையார் அந்தக் கட்டுரையை வெளியிட்டார். உண்மைப் பெயர் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருவர் துணை ஆசிரியனான நான்.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு தொலைக்காட்சியிலிருந்து போன் வந்தது. அம்மையார் வகுப்பில் இருந்தார். உங்களை நிபுணராக உட்கார வைக்கிறோம் என்றார்கள். எட்டு ஆண்டுகள் புகழைப் பற்றியே படித்தவன் நான். என்ன செய்தேன்? சட்டையை இஸ்திரி போட்டேன். அந்த அம்மாவின் உண்மைப் பெயரையும் ஊரையும் கேட்டார்கள். சொன்னேன். நிகழ்ச்சி வந்தது. நான் பேசியதை முழுவதுமாக வெட்டியிருந்தார்கள்.

நாலாவது நாள் அந்த அம்மா எங்கள் துறைக்கு வந்தார். "உன்ன நம்பித்தானம்மா சொன்னேன்? கேமராவ வச்சிக்கினு ஊட்டு வாசல்லயே நின்னுக்கினு, பாடு பாடுன்றானுங்க. யாரு சொன்னது?"

அம்மையார் என்னைப் பார்த்தார். நான் மேசையிலிருந்த தாள்களைப் பார்த்தேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

"என் தப்புதாம்மா" என்றார்.

அன்று மாலை ஸ்டேஷனில், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "என்னை நம்பித்தானே அவங்க கதவைத் திறந்தாங்க? பதில் நான்தான் சொல்லணும். நீங்க எப்போ சொல்லணும்னு உங்களுக்கே தெரியும் சார்."

எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் சொன்னேனா? பெயரை வெளியே விட்டவர் என்று அவரை ஆசிரியர் பொறுப்பிலிருந்து நீக்கிய கூட்டத்தில் நானும் இருந்தேன். கையும் தூக்கினேன். அடுத்த எட்டு இதழ்களின் அட்டையில் ஆசிரியர் என்று வந்தது என் பெயர். அம்மையார் ஒவ்வொரு இதழிலும் பிழைகளைப் பென்சிலால் குறித்துத் தபாலில் அனுப்பிவைத்தார். வேறொரு வார்த்தைகூட அதில் எழுதியதில்லை.

போன மாதம் அம்மையார் படுத்திருந்த மருத்துவமனைக்குப் போனேன். எல்லாவற்றையும் வெளியில் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். அதற்குள் அவர், அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நாலு ஆண்டில் ஒருமுறைகூட நான் விசாரித்ததில்லை. வாய் திறக்காமல் திரும்பிவிட்டேன். ஒன்பதாம் நாள் செய்தி வந்தது.

நல்லடக்கம் முடிந்த மறுநாள் அந்த அம்மாவின் வீட்டைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேன்.

"நாலு வருசமா அந்தம்மாவத் திட்டிக்கினு கெடந்தேன். ஸ்டேசன்ல பார்த்தப்போ மூஞ்சத் திருப்பிக்கினு போனேன். அவங்க உசுரோட இருக்க சொல்லோ நீ சொல்லியிருந்தா, போய் ஒரு வார்த்த பேசியிருப்பேன்ல?"

இங்கே வந்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்றேன். என் பேரை மட்டும் விட்டுவிடு என்றார்.

இன்று காலை மோசஸ் ஐயாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பேசுவோர் பட்டியலில் கடைசியில் இருந்த என் பெயரை முதலிடத்துக்கு மாற்றச் சொன்னார். அம்மையாரைப் பற்றி இனி சொல்லப்படும் எதுவும், அவர்மேல் நான் விழ விட்ட பழிக்குக் கீழே நின்று சொல்லப்படக் கூடாது என்று நினைத்திருப்பார்.

என் விலகல் கடிதம் முதல்வரிடம் இருக்கிறது. நான் செய்தது முழுவதும் அடுத்த இதழின் முதல் பக்கத்தில் வரும். அம்மையார் பாதியில் விட்ட பதினொரு நேர்காணல்களை அவருடைய மாணவர்கள் தொடர்வார்கள். மெய்ப்புத் திருத்துவது, உறையில் போட்டுத் தபாலில் சேர்ப்பது, இந்த வேலைகளை எனக்குக் கொடுங்கள். எந்தப் பக்கத்திலும் என் பெயர் வேண்டாம்.

எனக்குப் பின் பேச வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். என் துணிச்சலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லிவிடாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு நாலு ஆண்டுகள் இருந்தன. அந்த நாலு ஆண்டும் அவர் உயிரோடு இருந்தார், கேட்டிருப்பார்.