சும்மா உக்காந்திருக்கிற உத்தரம்

மகள்: ...அப்போ இந்த உத்தரத்தைச் சுவர்ல எது பிடிச்சிருக்குன்னு நினைக்கிறீங்க?

அப்பா: சுவருதான். பொந்துக்குள்ள போயிருக்குல்ல, பாரு.

மகள்: போய் உக்காந்திருக்கு, அவ்வளவுதான். ஒரு ஆணி கூடக் கிடையாது. பூமி ஆடினா சுவர் ஒரு பக்கம் சாயும், உத்தரம் நழுவும். மாடி மொத்தமும்...

அப்பா: நல்ல வார்த்தையே வராதா உன் வாயில? சமையலறையைப் புதுசு பண்றேன்னு வந்தே. வந்ததும் சுவரை உரிச்சுப் போட்டுட்டே.

மகள்: பூச்சு தானா கொட்டிச்சுப்பா.

அப்பா: சுத்தியலால அடிச்சா கொட்டாம என்ன பண்ணும்?

மகள்: உரிச்சதும் நல்லதாப் போச்சு. ஒவ்வொரு உத்தரத்தையும் இரும்புப் பட்டை வெச்சு சுவரோட சேர்த்துக் கட்டணும். வெளிப்பக்கம் தகடு வெச்சு முறுக்கணும். மொட்டைமாடி கைப்பிடிச்சுவருக்கும் முட்டுக் கொடுக்கணும். அதுதான் முதல்ல தெருவுல விழும்.

அப்பா: வீட்டு மூஞ்சியெல்லாம் தகடு! அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

மகள்: இருக்கட்டும். செங்கல் எவ்வளவு கனம் வெச்சாலும் தாங்கும்ப்பா. இழுத்தா தாங்காது. இழுவையை இரும்பு பாத்துக்கும்.

அப்பா: இஞ்சினியரைப் பெத்தது என் தப்பு.

மகள்: வேலை முடியற வரைக்கும் நீங்க என் வீட்டுல வந்து இருங்க.

அப்பா: அதானே பாத்தேன்! இரும்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். போன மாசம் ஆடிச்சே, என்ன ஆச்சு? மலை மாதிரி நிக்கலே?

மகள்: அது சின்ன ஆட்டம். ...நீங்க பயந்தீங்களா?

அப்பா: நானா? புரண்டு படுத்தேன்.

மகள்: சரி. மாடியில உங்க படுக்கை ரூமைப் பாத்துட்டு வந்துடறேன். அங்க கூரை எப்படி உக்காந்திருக்குன்னு...

அப்பா: அங்க என்ன இருக்கு, ஒரே குப்பை. டீ போடட்டுமா?

மகள்: அடுப்பே வெளிய கிடக்கு.

அப்பா: ஏய்... நில்லு... சொல்றேன்ல!

மகள்: அப்பா! கட்டில்ல இவ்வளவு தூசி! மெத்தையைச் சுருட்டி வெச்சிருக்கு!

அப்பா: மேல நின்னு கத்தாதே, தெருவே கேக்கும். இறங்கி வா.

மகள்: வந்துட்டேன். சொல்லுங்க. எங்க படுக்கறீங்க?

அப்பா: ...முன் ரூம்ல.

மகள்: அங்க சிமெண்ட் மூட்டைதான் படுத்திருக்கு.

அப்பா: ...கார்ல.

மகள்: எப்பருந்து?

அப்பா: ஆடின ராத்திரியில இருந்து. தெருமுனையில, மேல எதுவும் விழாத இடமாப் பாத்து நிறுத்திப்பேன். கட்டில்ல கண்ணை மூடினா கட்டில் நகர்ற மாதிரியே இருக்கும்மா. லாரி ஓட்டினவனுக்கு வண்டியில தூங்கறது என்ன புதுசா... முதுகுதான் கொஞ்சம்...

மகள்: அப்புறம் ஏன்ப்பா இந்த வேலையே வேண்டாம்னு மல்லுக்கு நிக்கிறீங்க?

அப்பா: பயந்துட்டான் கிழவன்னு ஆகிடும். அப்புறம் நீ கூட்டிட்டுப் போய் ஒரு மூலையில உக்கார வெச்சுடுவே. திரும்ப விடமாட்டே.

மகள்: விடறதுக்குத்தானேப்பா இவ்வளவு இரும்பு?

அப்பா: ...அது சரி. ஆனா சமையலறைக்குன்னு வந்து நிக்கிறவகிட்ட, எனக்குத் தூக்கம் வரலேன்னு எப்படிச் சொல்றது?

மகள்: பக்கத்து வீட்டு மாமா ஆடின மறுநாளே போன் பண்ணிச் சொல்லிட்டார்ப்பா. சமையலறைக்காக யாரு வந்தா?